இருபத்தெட்டாவது கிலோமீட்டர்

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். அவள் சமையலறையில் நின்று அவருடைய கைக்கடிகாரத்தை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடலோடு ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்திருந்தார்கள். அதில் மண் ஒட்டிய ஷூ, காலியான அரை லிட்டர் பாட்டில், நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டை, இந்தக் கடிகாரம். ஓடும் தூரத்தையும் நேரத்தையும் பதிந்துவைக்கும் கடிகாரம். நேற்று மதியமே சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகினாள்.

"எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. நீ இங்க என்ன பண்ற?"

நாத்தனார் நிலைப்படியில் நின்றிருந்தார். கணவரைவிட ஒன்பது வயது மூத்தவர். தாய் சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"இது ஆன் ஆகட்டும் அண்ணி. வந்துடறேன்."

"அவனே போயிட்டான். அவன் வாட்ச் ஓடி யாருக்கு என்ன ஆகப்போகுது?" குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே கோபமும் வந்தது. "தேமேன்னு இருந்தவனை மலைக்கு இழுத்துட்டுப் போனே. இப்ப திருப்தியா?"

அவள் பிளக்கை இன்னும் அழுத்திச் செருகினாள். கூடத்திலிருந்தும் அதே பேச்சுதான் கசிந்து வந்தது. ஐம்பது வயசுல எதுக்கு இந்த வேலை. தொப்பையும் தொந்தியுமா இருந்த மனுஷன். எல்லாம் அவ பிடிவாதம். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை, இருப்பவளைப் பற்றி இப்படி நாற்பது.

இழுத்துக்கொண்டு போனாள் என்பதில் பாதி உண்மை இருந்தது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பத்து மணி நேரம் குனிந்தே உட்கார்ந்து முதுகு போனதும், நடக்கச் சொன்னார் டாக்டர். துணைக்கு வந்தார் கணவர். முதல் தடவை மலைப்பாதைக்குக் குடையும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு வந்த மனிதர். அவள் நடையிலிருந்து ஓட்டத்துக்குப் போனாள். அவர் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் தனக்கென்று ஒரு வேகத்தைக் கண்டுபிடித்து அதிலேயே நின்றுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே லிஃப்ட்ல ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் நடந்து ஏறுறேன் பாரு" என்பார். எட்டு வருஷத்தில் பதினாறு பந்தயங்கள். ஒன்றில்கூட அவர் கடைசி இருபது பேருக்கு முன்னால் வந்ததில்லை. ஒன்றையும் பாதியில் விட்டதும் இல்லை.

கடிகாரத் திரையில் வெளிச்சம் வந்தது.

பாதையின் கோடு மலைமேல் புழுவாக நெளிந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருபத்தேழு வரை எல்லாம் அவருடைய வழக்கமான வேகம். இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், பதினோரு மணி பன்னிரண்டு நிமிஷத்தில், கோடு நின்றுவிட்டது. பதினொன்று இருபத்து மூன்று வரை நகரவேயில்லை. பிறகு மெல்ல, ஆமை வேகத்தில், முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் வரை. அதோடு முடிந்தது.

பதினோரு நிமிஷம். அந்த இடம் அவளுக்குத் தெரியும். மரமே இல்லாத மொட்டைப் பாறை. அங்கேதான் தண்ணீர் மேஜை. அவள் நேற்று பத்து மணிக்கு அதைக் கடந்தபோது மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

பின்கட்டில் தபால்காரர் தனியாக நின்றிருந்தார். அவர்களோடு ஆறேழு பந்தயங்கள் ஓடியவர். நேற்று கணவரைப் பாதையோரத்தில் கண்டதும் அவர்தான், தோளில் சுமந்து வண்டிப்பாதை வரை கொண்டுவந்ததும் அவர்தான். கடிகாரத்தை அவரிடம் காட்டினாள்.

"நீங்க இவருக்குப் பின்னாலதானே வந்தீங்க? இருபத்தெட்டுல தண்ணி இருந்துச்சா?"

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேஜை இருந்துச்சு. கேனையெல்லாம் கவுத்து அடுக்கியிருந்தாங்க. ஆள் இல்ல."

"பன்னண்டு மணி வரைக்கும் இருக்கணுமே."

"பரிசு குடுக்கற நேரத்துக்குக் கூட்டம் பத்தலன்னு பதினோரு மணிக்கே எல்லாரையும் கீழ வரச் சொல்லிட்டாங்களாம். அதுல ஒரு பொண்ணு நேத்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதுது. என்கிட்ட சொல்லுச்சு." நிறுத்தி, "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார்.

நேற்று பன்னிரண்டரைக்கு அவள் பரிசு மேடையில் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இரண்டாம் இடம். கீழே மஞ்சள் சட்டைகள் வரிசை வரிசையாக நின்று கைதட்டின. எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று நினைத்தாள். நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பந்தய அமைப்பாளர் வந்திருந்தார். ஆளுயர மலர்வளையம். அதன் குறுக்கே பந்தயத்தின் பெயர் அச்சிட்ட பட்டை. அதைக் கால்மாட்டில் சாய்த்து வைத்தார், பட்டை எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தடவை திருப்பியும் வைத்தார். கைகூப்பிவிட்டு நாத்தனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அவள் உள்ளே வந்தபோது நாத்தனார் கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான்மா" என்று அமைப்பாளர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "அவருக்கு முன்னாடியே இதயத்துல கோளாறு இருந்துச்சுன்னு குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும். யாரும் வந்து உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டாங்க. அடுத்த வருஷம் அவர் பேர்லயே ஒரு கோப்பை குடுக்கலாம்னு இருக்கோம்."

"எங்கப்பாவும் நெஞ்சு வலியிலதான் போனார்" என்றார் நாத்தனார், பேனாவைத் திறந்தபடி.

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி."

கூடம் திரும்பிப் பார்த்தது. அமைப்பாளர் எழுந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. தனக்குப் பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே போயிட்டார். அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"அவருக்கு ஓட்டம் பிடிக்காது சார்" என்றாள். "மலை பிடிக்கும். நடுவுல நடுவுல நின்னு வேடிக்கை பாக்கப் பிடிக்கும். முடிச்சதும் வயிறு முட்டச் சாப்பிடப் பிடிக்கும். தண்ணி இல்லாம வெயில்ல நிக்கப் பிடிக்கும்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"இருபத்தெட்டாவது கிலோமீட்டர்ல எத்தனை மணி வரைக்கும் தண்ணி?"

"அது... அட்டவணைப்படி பன்னண்டு."

"இவர் அங்க போனது பதினொன்னு பன்னண்டுக்கு. பதினோரு நிமிஷம் அங்கேயே நின்னிருக்கார்." கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எதுக்கு நின்னார்னு நினைக்கறீங்க? வேடிக்கை பாக்கவா?"

"இதெல்லாம் பேசற நேரமாம்மா இது?"

"நேரத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க."

தபால்காரர் கூடத்துக்குள் ஓரடி எடுத்து வைத்தார். "காலி மேஜையை நான் பாத்தேன் சார். எங்க வேணா வந்து சொல்றேன்."

"வெயில் தாக்கித்தான் போனார்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்காங்க" என்றாள் அவள். "இதயம்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷன் போறேன். இந்த வாட்சும் வரும், மேஜையைப் பாத்த இவரும் வருவார்."

தொந்தி தொப்பை பேசியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் தாளையும் அமைப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, யாராவது தண்ணி கொண்டு வருவாங்கன்னு எந்தம்பி நின்னிருக்கான்."

அமைப்பாளர் மலர்வளையத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"சின்ன வயசுலயும் அப்படித்தான். வாய் விட்டுக் கேக்கமாட்டான். வந்து பக்கத்துல நிப்பான். நாமதான் தெரிஞ்சு குடுக்கணும்." நாத்தனார் பேனாவை மூடினார். "தெரிஞ்சேதான் இதை எங்கிட்ட நீட்டினியா நீ? அவன் இங்கே கிடக்கறப்பவே?"

தாளை நாலாக மடித்து அமைப்பாளரின் சட்டைப் பையில் தாமே செருகினார்.

"அந்த வளையத்தையும் எடுத்துட்டுப் போ."

அமைப்பாளர் போனார். மலர்வளையம் வாசலில் குறுக்காக மாட்டிக்கொண்டது. உதவிக்கு யாரும் எழவில்லை. அதை நிமிர்த்தி, சாய்த்து, பூக்கள் உதிர ஒருவழியாக வெளியே இழுத்தார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. மயானம் நாலு கிலோமீட்டர். வண்டிக்குள் இடம் இருந்தது.

"நான் நடந்து வரேன்" என்றாள்.

ஓட்டுநர் பக்கத்தில் நின்ற அண்டைவீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். வண்டி மெதுவாகக் கிளம்பியது. அவளும் தபால்காரரும், பந்தயங்களில் பழக்கமான நாலைந்து பேரும் பின்னால் நடந்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி நின்றது. நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, இறங்கினார்.

"வேணாம் அண்ணி. வெயில்."

"பரவால்ல, நட."

பஸ் டிப்போ, பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில், மரக்கடை. மரக்கடை தாண்டியபின் நாத்தனார் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நீ போனப்ப அங்க தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

மற்றதை அவள் சொல்லவில்லை. நாத்தனாரும் கேட்கவில்லை.

மேம்பாலத்தின் ஏற்றம் வந்தது. பாதி ஏறியதும் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. ஓரத்துச் சிமெண்டு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். மேலே, பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால், வண்டியும் நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.