உள்பாக்கெட்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் டெய்லரக்காவிடம் யாரும் நலம் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் வள்ளென்று விழுவாள். லீவு முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி மூன்று நாளில் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மார்களை அவள் திட்டாத திட்டு கிடையாது. திட்டிக்கொண்டே அளவும் எடுத்துவிடுவாள், அது வேறு விஷயம். இந்த வருஷம் அறுபது செட். வாசலறையில் ஒரே மெஷின், ஒரே ஆள், நீளக் கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டையும் ஸ்கர்ட்டும். பெற்ற மகளுடையதைத்தான் கடைசியாகத் தைத்தாள். டெய்லர் வீட்டுப் பிள்ளைக்கு என்றைக்கு முதலில் துணி கிடைத்திருக்கிறது?

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி ஓரிடத்தில் உட்காரமாட்டாள். ஆனால் தூசி பட்டாலோ, ரொம்ப ஓடினாலோ நெஞ்சு இழுக்கும். நேரத்துக்கு இன்ஹேலரை இரண்டு தடவை அடித்துக்கொண்டால் போதும், கொஞ்ச நேரத்தில் பழையபடி குதிப்பாள். நேரத்துக்கு, அதுதான் முக்கியம்.

பழைய பள்ளியில் அந்த மருந்தை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கிளார்க்கிடம். ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து இழுப்பு வந்து, பிள்ளை இருபது நிமிஷம் தவித்தது. அதற்கப்புறம் விளையாட்டு கிடையாது, சுற்றுலா கிடையாது, தனி பெஞ்ச். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நாலு பேர் கிளப்பிவிட்டார்கள். அவர்கள் வாயில் மண் விழ! வாலு வருஷம் முழுக்க அழுதாள்.

சூடு கண்ட பூனையாகிவிட்டாள் தாய். புதுப் பள்ளியில் கொடுத்த படிவத்தில், உடல்நலக் குறை ஏதும் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில், கொட்டை எழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பொய்தான். மற்ற பிள்ளைகளோடு தன் பிள்ளையும் ஓடி விளையாட வேண்டும் என்று எழுதிய பொய்.

அதற்காக மருந்தில்லாமல் அனுப்ப முடியுமா? ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டிக்குக் கீழே, உட்பக்கமாக ஒரு பாக்கெட் வைத்தாள். வெளியே துளிகூடத் தெரியாது. பிள்ளையை நிற்க வைத்து, இழுப்பு வந்தால் பாத்ரூம் போவதுபோல் போய் அடித்துக்கொள்ள வேண்டும், டீச்சர், பக்கத்து சீட்டுப் பிள்ளை, ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்று பத்து தடவை ஒப்பிக்க வைத்தாள். காலையில் மறந்துவிடக் கூடாதென்று, இஸ்திரி போட்ட கையோடு இன்ஹேலரையும் உள்ளே போட்டுக் கம்பியில் மாட்டினாள்.

டெய்லரக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. தைத்து முடித்த துணியில் பாக்கெட் வாய் பிளந்து நின்றால் அவளுக்குப் பிடிக்காது. கம்பியில் தொங்கும் துணிகளுக்கெல்லாம் கடைசியாக ஒரு சுற்று வந்து, பாக்கெட் வாயை இரட்டை நூலால் நாலு தையல் போட்டு மூடிவிடுவாள். துணியை வாங்க வருகிறவர்கள் கண்ணெதிரில் அந்த நூலை நறுக்கி, உதறிக் கொடுப்பாள். இருபது வருஷக் கை. மனம் எங்கேயோ இருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

திறப்பு நாளன்று காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் நின்றது. வாலு தானே குளித்து, தானே உடுத்தி, பட்டியைத் தொட்டுப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் போனாள். தாய் மெஷினிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

பதினொரு மணிக்குத் தெருக்கோடி மாடிவீட்டுக்காரி மகனுடைய இரண்டாவது செட்டுக்காக ஸ்கூட்டரில் வந்தாள். டெய்லரக்கா கால்சட்டையை எடுத்து, பாக்கெட் நூலில் கத்தரியை வைத்தாள். நறுக்கென்றது. கை அப்படியே நின்றுவிட்டது.

வாலுவின் ஸ்கர்ட்டும் இதே கம்பியில்தான் தொங்கியது. அதை யாரும் வந்து வாங்கவில்லை. யாருக்கும் அவள் நறுக்கிக் கொடுக்கவில்லை.

வாய் தைத்த பாக்கெட்டோடு பிள்ளை போய்விட்டது. பள்ளிக்குப் போன் போட்டாள். முதல் நாள், யார் எடுப்பார்கள்? கத்தரியைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். மாடிவீட்டுக்காரி மகராசி, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை விரட்டினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்பு மைதானத்தில் இருந்தது. முப்பது பிள்ளைகளில் வாலு இல்லை. வகுப்பு டீச்சர் சின்னப் பெண், முதல் வருஷ வேலை. வாலு பாத்ரூம் போயிருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தவள், தாயின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடவே ஓடிவந்தாள்.

பாத்ரூமில் கடைசிக் கதவுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்திருந்தது பிள்ளை. உதடு வெளுத்திருந்தது. தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்கர்ட்டின் பட்டியைப் புரட்டிப் போட்டு நகத்தால் பிய்த்துப் பிய்த்து, ஒரு விரலில் இரத்தம். அந்த இரட்டை நூல் அசையவில்லை. அம்மா தைத்த தையலாயிற்றே.

தாய் மண்டியிட்டுப் பல்லால் கடித்தாள். நூல் அறுந்தது. மருந்தை ஒரு தடவை அடித்தாள், நிறுத்தி இன்னொரு தடவை. டீச்சர் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, போனில் டாக்டரிடம் யோசனை கேட்டாள். ஐந்து நிமிஷம் ஐந்து யுகமாகப் போனது. பிறகு தோள் மெல்லத் தணிந்தது. உதட்டுக்குப் பழைய நிறம் திரும்பியது.

பேச்சு வந்ததும் வாலு முதலில் சொன்னது இதைத்தான். "ஒரு பொண்ணு வந்து என்னன்னு கேட்டாம்மா. நான் சொல்லவே இல்ல." பரிசு வாங்கப் போகிறவளைப்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

டெய்லரக்காவுக்கு ஓவென்று அழுகை வந்தது. சனியன் பிடித்த நூல் செய்தது பாதிதான். மீதித் தையலை நாமே பிள்ளையின் வாயில் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், என் பொண்ணுக்கு ஆஸ்துமா இருக்கு. ஃபார்ம்ல இல்லன்னு பொய் எழுதிட்டேன். தனி பெஞ்சுல மட்டும் போட்றாதீங்க."

டீச்சர் கோபப்படத்தான் செய்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், தெரிந்திருந்தால் கூடவே ஒரு ஆளை அனுப்பியிருப்பேனே என்றாள். பெஞ்சையெல்லாம் யாரும் மாற்றப் போவதில்லை, மருந்து வாலுவிடமே இருக்கட்டும், இன்னொன்று வாங்கித் தன்னிடம் கொடுத்தால் போதும், தலைமையாசிரியையிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

அதற்குள் வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, டீச்சரின் புடவையைத் தொட்டாள்.

"டீச்சர், எனக்கு வலிப்பு வரும். எங்கம்மாவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."