நல்ல தண்ணி

எம் பேரே வேண்டா, இன்னொரு பொண்ணு வேண்டாம்னு எங்கப்பா வெச்ச பேரு. ஆனா எங்க பொண்ணு தமிழ்ச்செல்வி, கட்டுனா மோகனத்தான் கட்டுவேன்னு நின்னப்போ, வேணும்னு சொன்னவ நான் ஒருத்திதான்.

எங்க வூட்டுக்காரரு சடையப்பன் படூர் அப்பார்ட்மெண்டுங்களுக்கு நல்ல தண்ணி லாரி ஓட்டறாரு. அவரு லாரியில உப்புத் தண்ணி ஒரு சொட்டு ஏறுனதில்ல, அதுல அவருக்கு ஒரு கர்வம். மோகன் மாமல்லபுரத்துல வண்ணமீன் கடை வெச்சிருக்கான். திங்க முடியாத மீன விக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டாரு. அவன் பேரச் சொல்ல மாட்டாரு, 'மீன்கார தம்பி'தான்.

பொண்ணு பாக்க வந்தப்போ மோகன் ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டாந்தான். உள்ள ஆரஞ்சு கலர்ல, வெள்ளப் பட்ட போட்ட மீனு ஒண்ணு. இது கடல் மீனு, வாராவாரம் நல்ல தண்ணி மாத்துங்க மாமான்னான். இவருக்குக் காதுல வுழுந்தது நல்ல தண்ணி மட்டுந்தான்.

அதுலேர்ந்து லாரிய வுட்டுட்டு வந்தா மொதல்ல மீனத்தான் பாப்பாரு. என்ன அப்படி ஒருநாளும் பாத்ததில்ல.

அடுத்த ஞாயித்துக்கெழம மோகன் முடிவு கேக்க வரணும். அதுக்கு மொத நாளு இவரு தொட்டியில வெரல வுட்டு நக்கிப் பாத்தாரு. "தூ, கரிக்குது. பாவம், இதுலயா கெடந்துச்சு?" அம்புட்டையும் கொட்டிட்டு, லாரித் தண்ணிய ரொப்புனாரு. சாயங்காலம் மீனு கண்ணு பிதுங்கி மெதந்துச்சு.

சோறு எறங்கல அவருக்கு. "புடிக்காமக் கொன்னுட்டேன்னு நெனைப்பான், வேண்டா." ஊருக்கே தண்ணி ஊத்தறவருக்கு ஒரு மீனுக்கு ஊத்தத் தெரியலன்னு திட்டுனேன். சம்பந்தம் இதோட போச்சுன்னு தமிழு உள்ள அழுதுகினு இருந்தா.

மறுநாளு மோகன் வந்து தொட்டியப் பாத்தான். இன்னா தண்ணி மாமான்னு கேட்டான். நல்ல தண்ணின்னு இவரு சொன்னது எனக்கே கேக்கல.

அவன் கோவப்படல. மீனு ஒடம்புல உப்பு கீதாம், லாரித் தண்ணியில கெடையாதாம். உப்பு எங்க ஜாஸ்தியோ தண்ணி அங்கதான் போவுமாம். ஊறப்போட்ட கொண்டக்கடல மாதிரி ஒடம்பு முச்சூடும் தண்ணி ஏறிகினே இருந்துச்சாம். உப்பு இல்லாத தண்ணியில உப்பிச் செத்திருக்குது.

"தப்பு எம்மேல மாமா. எங்க கடையில கடல் மீனுக்கு சுத்தமான கடல் தண்ணியத்தான் நல்ல தண்ணின்னு சொல்லுவோம். அப்படியே சொல்லிட்டேன்."

இவரு லாரிச் சாவிய எடுத்தாரு.

"வேற மீனு கொண்டா. நெம்மேலி கடக்கரைக்குப் போயி கடல் தண்ணி ஏத்திகினு வரலாம், வா மாப்ள."

"ஒரு கொடம் போதும் மாமா."

மாப்ளன்னு கூப்புட்டது அவருக்கே தெரியல, செருப்பத் தேடிகினு இருந்தாரு. உள்ள தமிழு அழுவறது மட்டும் நின்னுபோச்சு.