வெட்டுப்புள்ளிக்குக் கீழே

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த மறுநாளே எங்கள் பள்ளிக்கூட வாசல் கேற்றில் பெனர் தொங்கியது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பாஸான நாலு பிள்ளைகளின் படம். அந்த நாலையும்விடப் பெரிதாகப் பள்ளி அதிபர் பளீல் சேரின் படம். கம்பளை டவுனிலிருந்து வருகிறவன் பார்த்தால் பரீட்சை எழுதியதே அவர்தான் என்று நினைப்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாம் வகுப்பு நான் படிப்பிக்கிற வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். நாலு பேருக்குக் கேற் என்றால் மற்றவர்களுக்கு என்ன, குப்பைத்தொட்டியா? அடுத்த கிழமையே நானும் ஒரு பெனர் அடித்தேன். வரிசைக்கு எட்டு முகமாக நாலு வரிசை, ஒரு பிள்ளையும் பாக்கியில்லை. மேலே கொட்டை எழுத்தில் ‘நாங்கள் எல்லோரும் வென்றவர்கள்’. கேற்றிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வகுப்பின் வெளிச்சுவரில் இழுத்துக் கட்டினேன்.

பளீல் சேர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மஸாஹிரா டீச்சர், இதென்ன கூத்து? கழட்டுங்க."

"ஏலாது சேர்."

"பாஸானதுக்கும் பெயிலானதுக்கும் வித்தியாசம் வாணாமா? பெத்தவங்க என்ன நெனப்பாங்க?"

"நீங்க உங்கட பெனரைக் கழட்டுங்க. நானும் கழட்டுறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்டர்வலுக்குப் பொறகு வருவேன். அது சுவர்ல ஈக்கப்படாது," என்று சொல்லிவிட்டுப் போனார். வரட்டுமே. சண்டைக்கு நான் என்றைக்குப் பின்வாங்கியிருக்கிறேன்?

பிள்ளைகள் தங்கள் முகங்களைத் தேடிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷிபானா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒரு கதிரையை வெளியே இழுத்துப் போட்டு, ஏறி நின்று, பெனரின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன புள்ள செய்றாய்?"

"கழட்டுறேன் டீச்சர். நான் வெல்லல்ல. இதுல பொய் எழுதி ஈக்கி."

"பரீட்சை மட்டுமா மகள் வெற்றி..."

"அந்தக் கதை வாணாம் டீச்சர். எனக்குப் பின்னக் கணக்கு இன்னமும் வெளங்கல்ல. பேப்பர் செய்யத்தான் காட்டித் தந்தீங்க. பரீட்சைக்குப் பொறகு ஒரு பாடமும் இல்ல, சும்மா படம் கீறச் செல்றீங்க. பரீட்சை முடிஞ்சா பின்னமும் முடிஞ்சா?"

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வாயா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பரீட்சைக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு என்பது பஸ் ஸ்டாண்ட் மாதிரி. பிள்ளைகள் வருவார்கள், இருப்பார்கள், போவார்கள். வருடம் பிறந்தால் இவள் ஆறாம் வகுப்பு. அங்கே இவள் ஒருத்திக்காக யார் திரும்பிப் பின்னம் படிப்பிக்கப் போகிறார்கள்? இப்போது விட்டால் விட்டதுதான். வெட்கமாக இருந்தது. அதோடு, யா அல்லாஹ், பெருமையாகவும் இருந்தது.

"இறங்கு. மத்த முடிச்சை நான் அவுக்குறேன்."

பெனரை வகுப்புக்குள் கொண்டுபோய்த் தரையில் விரித்தோம். ஒவ்வொரு பட்டியிலும் நாலு முகம் மேலிருந்து கீழாக வரும்படி, பாதி பாதியாக மூன்று தரம் மடிக்கச் சொன்னேன். விரித்தபோது எட்டுப் பட்டிகள் தெரிந்தன.

"ஒரு பட்டி எவ்வளவு?"

"எட்டில ஒண்டு," என்றார்கள்.

ஷிபானா முழந்தாளிட்டு ஒரு பட்டியிலுள்ள முகங்களை எண்ணினாள். நாலு. "அப்ப முப்பத்திரண்டுல நாலும் எட்டில ஒண்டும் சமனா டீச்சர்?"

"சமன்தான்."

"ஏன்?"

"ஏனெண்டு நீயே செல்லு."

பக்கத்தில் நின்ற அஹ்னாப் முந்திக்கொண்டு வாயைத் திறந்தான். "பொத்துடா வாய! நான் கண்டுபுடிக்கிறேன்," என்று ஷிபானா சீறினாள். மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். நான் உதடு கடித்துக்கொண்டு நின்றேன்; சொல்லிக்கொடுக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"முகத்த எண்ணினாலும் பட்டிய எண்ணினாலும் அதே துண்டுதான் டீச்சர்! எண்ணுற விதந்தான் வேற!"

வகுப்பு கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. இன்டர்வல் மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு பளீல் சேர் வந்தார். வெறும் சுவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஹா, கழட்டிட்டீங்க. நல்ல வேல. இதென்ன தரையில? பரீட்சைதான் முடிஞ்சே டீச்சர், இதுகளைக் கலைவிழாவுக்குப் பழக அனுப்புங்க."

நான் வாயெடுக்க முன்னம் ஷிபானா எழும்பிவிட்டாள். முழங்காலெல்லாம் புழுதி.

"சேர், கேற்ல தொங்குறது எட்டில ஒண்டு."

"என்னது?"

"எட்டில ஒண்டு சேர். மத்த எட்டில ஏழும் நாங்க. எங்களுக்கு இன்னம் பாடம் ஈக்கி."