முதல் தட்டு

கப்பல் வராது என்று புருஷன் நொமிகோஸ் வந்து சொன்னபோது, ஃபிலியோ ஒரு கூடை வெங்காயத்தை உரித்து முடித்திருந்தாள். கண்ணில் ஏற்கெனவே நீர் வடிந்துகொண்டிருந்ததால் அவள் அழுகிறாளா இல்லையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் அவனுக்குக் கிடையாது.

"காத்தோட வேகம் ஒம்பதாம் நம்பராம். துறைமுகத்தச் சாத்திட்டானுங்க."

"அப்ப யாகூமிஸ்?"

"யாகூமிஸ் என்ன மீனா, நீந்தி வர்றதுக்கு?"

சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. ஃபிலியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். மீசைக்குள் ஒரு சிரிப்பை ஒளித்துவைத்திருந்தான். அந்த நிமிடம் அந்த மீசையைப் பிடித்து இழுக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

எங்கள் தீவில் புனித சோஸ்தீஸ் கோயிலில் குடியிருப்பதில்லை. கடல்முனைக் கோயில் வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். அவருடைய வெள்ளித் தகடு போட்ட படம் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் விளக்கு அணையக் கூடாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போகக் கூடாது. திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஊர் மொத்தத்துக்கும் அந்த வீட்டார் சோறு போட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும், மேசையைத் துடைப்பதற்குள், யாராவது எழுந்து வந்து "என் வீட்டுக்குக் குடுங்க" என்று படத்தைக் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் புனிதர் இருந்த வீட்டிலேயே இன்னொரு வருஷம் இருப்பார். போன திருநாளிலிருந்து அவர் ஃபிலியோ வீட்டில்தான். ஊருக்கே திரும்பி வந்து இந்த வருஷம் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஏதென்ஸிலிருந்து வாக்குக் கொடுத்திருந்தவன்தான் யாகூமிஸ், நொமிகோஸின் சித்தப்பா மகன்.

ஃபிலியோவின் கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் மகள் அர்கிரோவின் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிவைத்திருந்தார்கள். போனால் திரும்புவதாக இல்லை. கடற்கரையில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையில் கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். வந்தவனுக்கெல்லாம் மீன் பொரித்து, பாலாடைக்கட்டி வெட்டி, கிளம்பும்போது "இது நம்ம கணக்குல" என்று திராட்சையும் அத்திப்பழமும் வைத்து, சிரித்து அனுப்பி அவளுக்கு அலுத்துவிட்டது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எனக்கு உக்காந்த எடத்துக்கு ஒரு காப்பி வரணும். நான் போடாத காப்பி." நொமிகோஸ் மாட்டேன் என்று சொல்லவில்லை. புனிதரைக் கைமாற்றிக் கொடுத்த பிறகு போகலாம் என்றான். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனம் வராது என்பது அவனுக்குத் தெரியும்.

எங்கள் வடகாற்று ஆளைச் சும்மா இருக்க விடாது. அன்று கோயில் முற்றத்தில் அடுப்பு நெருப்பைப் படுக்கவைத்து இழுத்தது. கல்சுவர்களின் இடுக்கிலிருந்த கப்பர்ச் செடிகள் ஓயாமல் அடித்துக்கொண்டன. கொப்பரைகளில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. முந்தின நாளே களிமண் பானைகளில் வெங்காயமும் எண்ணெயும் போட்டு விறகடுப்புக்குள் வைத்து வாயை மண்ணால் பூசியிருந்த கொண்டைக்கடலையின் வாசம் விரிசல் வழியே கசிந்தது. ஃபிலியோ அங்கும் இங்கும் அலைந்தாள். கொப்பரையைக் கிளறுவாள், ஓடிப்போய்க் கடலைப் பார்ப்பாள், வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும், திரும்பி வந்து வெந்த கறியை மறுபடியும் கிளறுவாள்.

அந்த நேரத்தில்தான் எவ்கேனியா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மேட்டு வீட்டில் தனியாக வாழ்கிறவள். வடக்கே ஏதோ குளிர் தேசத்தில் பிறந்து, இங்கே வந்து, மேட்டடியில் கைவிடப்பட்டுக் கிடந்த எலுமிச்சைத் தோட்டத்தைத் திருத்தி, எங்கள் பாதிரியாரிடமே ஞானஸ்நானம் வாங்கி அந்தப் பெயரையும் வைத்துக்கொண்டவள். ஆனாலும் ஊரில் யாரும் அவளை எவ்கேனியா என்று கூப்பிடுவதில்லை. "நம்ம விருந்தாளி" என்பார்கள். எந்த விருந்திலும் முதல் தட்டு அவளுக்குத்தான் போகும். கறியில் நல்ல துண்டும் அவளுக்குத்தான்.

"நான் ரொட்டி வெட்டுறேன்," என்று கத்தியை எடுத்தாள்.

"ஐயோ, குடும்மா அத," என்று ஃபிலியோ பிடுங்கிக்கொண்டாள். "ஒனக்கெதுக்கு இந்தப் புகை? நீ போய் உக்காரு. ஒயின் குடி."

"பாத்திரமாவது கழுவுறேனே."

"நல்லா இருக்கு! விருந்தாளி கையில பாத்திரத்தக் குடுத்துட்டாளேன்னு நாளைக்கி ஊரு என்னையக் கழுவி ஊத்தும். உக்காருன்னா உக்காரு."

எவ்கேனியா சுருட்டிய கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டு போனாள். ஃபிலியோ அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் மனமெல்லாம் புனிதரை யார் தலையில் கட்டுவது என்பதிலேயே இருந்தது.

ஜெபம் முடிந்து, பொழுது சாயும் வெளிச்சத்திலேயே நீண்ட மேசைகளில் சாப்பாடு தொடங்கியது. கொண்டைக்கடலை குழைந்து வெண்ணெயாக இருந்தது. ஃபிலியோ பரிமாறப் போனாள் என்று சொல்ல முடியாது, வேட்டைக்குப் போனாள். ரொட்டிக்கடை பந்தெலிஸின் தட்டில் கறியை மலை போல வைத்து, "வீடு பெருசா கட்டிட்டீங்க, புனிதருக்கு ஒரு மூலை இருக்காதா?" என்றாள்.

"இருக்கும் ஃபிலியோ. ஆனா என் பொண்டாட்டிக்கு முட்டி வலி. ஊருக்கே சமைக்கணும்ல?"

"முட்டியாலயா சமைக்கிறாங்க?"

மேசையே சிரித்தது. பந்தெலிஸும் சிரித்துக்கொண்டே கறியைத் தின்றான். தபால்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார். கழுதைக்காரன் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, புனிதர் நனைந்துவிடுவார் என்றான். ஒவ்வொருவர் தட்டிலும் கறி குறைந்துகொண்டே வந்தது. ஃபிலியோ ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

பாதிரியார் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "புனித சோஸ்தீஸ் இந்த வருஷம் யார் வீட்டுக்கு வர்றார்?"

ஆளாளுக்கு ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் மறுபடியும் கேட்டார். பிறகு நொமிகோஸைப் பார்த்துப் புன்னகைத்தார். "அவருக்கு ஒங்க வீடு பிடிச்சுப்போச்சு போல." நொமிகோஸ் ஒயின் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஃபிலியோ கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு வருஷம், அதே அடுப்பு, அதே சிரிப்பு. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

"எனக்குக் குடுங்க," என்றாள் எவ்கேனியா.

யாருக்கும் முதலில் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து ஒருவன் கூஜாவை நகர்த்தினான். அவள் பெஞ்சைத் தாண்டி வந்து பாதிரியார் முன்னால் நின்றாள்.

"என் வீட்டுக்குக் குடுங்க சாமி."

உடனே நாலு பக்கமிருந்தும் அன்பு பொழிந்தது. "ஒனக்கெதுக்கும்மா இந்தக் கஷ்டம்!" "நீ தனி ஆளு!" "நீ நம்ம விருந்தாளி, உக்காரு, உக்காரு!" எங்கள் ஊரில் விருந்தாளியிடம் இல்லை என்று சொல்ல மாட்டோம். அதற்குப் பதிலாக நாற்காலியை இழுத்துப் போடுவோம். ஒருத்தர் நிஜமாகவே இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது. எங்கள் பேச்சை அவள் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் சொற்கள் தனித்தனியாக வரும். "உக்காந்து உக்காந்து எனக்கு அலுத்துப்போச்சு. உங்க எல்லார் வீட்லயும் நான் சாப்பிட்டிருக்கேன். என் வீட்ல யார் சாப்பிட்டீங்க? கூப்பிட்டேன். வந்தீங்க. வர்றப்பவே கையில சட்டி. நீயேன் சிரமப்படணும்னு நீங்களே கொண்டுவந்து எனக்கே ஊட்டிட்டுப் போனீங்க. என் அடுப்ப ஒருத்தர்கூடப் பார்த்ததில்ல."

பந்தெலிஸ் மெல்லுவதை நிறுத்தினான். போன ஈஸ்டருக்கு அவனும் ஒரு சட்டியோடு போனவன்தான்.

"குடுங்க சாமி அவளுக்கு!" ஃபிலியோவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "என்ன யோசன? வாயத் தொறந்து கேட்டது அவ ஒருத்திதான். கேட்டவளுக்குத்தானே குடுக்கணும்? தின்னுட்டுத் தலையக் குனிஞ்சவங்க எல்லாம் இப்ப எதுக்குப் பேசுறீங்க?"

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் நியாயத்துக்காகப் பேசவில்லை, பெட்டிகளுக்காகப் பேசினாள். பாதிரியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "கடலைய அடுப்புல எப்ப வைக்கணும்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது சாமி. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே. கேப்பேன்."

அவர் படத்தைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நொமிகோஸ் நேராக உள்ளே போனான். படம் இருந்த மூலையில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. விளக்குப் புகை படிந்த வட்டத்துக்குக் கீழே நின்று, "கெளம்பலாம். ஒனக்கு சந்தோஷந்தானே?" என்றான். சந்தோஷம்தான் என்றாள் ஃபிலியோ. சொல்லிவிட்டு, அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய விளக்கு எதுவும் இல்லாத வீட்டில் இரண்டு தடவை எழுந்து அந்த மூலைக்குப் போய்விட்டு வந்தாள்.

படம் அன்றிரவு கோயிலிலேயே இருந்தது. காலையில் பூசை முடிந்து, மணியடித்துக்கொண்டு, ஊரே படத்தின் பின்னால் மேட்டுக்கு ஏறியது. எவ்கேனியா வாசலில் நின்று வந்தவர்களின் கைகளைப் பார்த்தாள். எல்லாக் கையும் காலி. வெறுங்கையோடு வந்து பழக்கமில்லாததால் பந்தெலிஸ் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நாரத்தைத் தோலைச் சர்க்கரைப் பாகில் போட்டு, ஆளுக்கொரு கரண்டி, ஒரு கோப்பை தண்ணீரோடு தட்டில் வந்தது. தோல் சரியாக வேகவில்லை, கசந்தது. எல்லோரும் தின்றார்கள். "சமைச்ச கை மணக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ஃபிலியோ மட்டும் இருந்தாள். எவ்கேனியாதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீங்க இருங்க. காப்பி போடுறேன்."

ஜன்னலோரத்தில் நாற்காலி. நல்ல நாற்காலிதான், மெத்தை போட்டது. ஃபிலியோ முதலில் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்து பார்த்தாள். மறுபடியும் நுனிக்கே வந்தாள். மேசையில் பிசுபிசுத்த தட்டுகள் குவிந்து கிடந்தன. கை தானாக அவற்றை அடுக்கத் தொடங்கியது.

"வைங்க அத," என்றாள் எவ்கேனியா திரும்பாமலே. "நீங்க விருந்தாளி."

ஃபிலியோ கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஏதோ குறைந்தது போல இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காற்று நின்றிருந்தது. கப்பர்ச் செடியின் இலைகள் அசையவில்லை, தைம் மூலிகைப் புதர்களில் தேனீக்கள் திரும்பவும் வந்திருந்தன. கீழே, பாதையில், நொமிகோஸ் இரண்டு பெட்டிகளையும் கழுதையின் இரு பக்கமும் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

கப்பலின் ஊதல் கேட்டது.

"வந்துட்டுது!" எவ்கேனியா அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடிப்போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வந்துட்டுது ஃபிலியோ, முனையத் திரும்புது!"

ஃபிலியோ கப்பலைப் பார்க்கவில்லை. அடுப்பில், நீண்ட பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரத்தில், காப்பியின் நுரை ஓரங்களில் தடித்து, நடுவில் சுருங்கி, மெல்ல மெல்ல விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது இறக்காவிட்டால் பொங்கி வழிந்துவிடும். அவள் போடாத காப்பி. எவ்கேனியா இன்னும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிலியோ நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல், பாதி எழுந்தபடி நின்றாள். நுரை விளிம்பைத் தொட்டது.