இறக்கத்தில் ஒரு கஃபே

எங்கள் மலைக் கிராமமான கோம்பெழாக்கில் மூடுவதற்கு மிச்சம் இருந்தது மகலி அத்தையின் கஃபே ஒன்றுதான். பள்ளிக்கூடம், தபால் நிலையம், ரொட்டிக்கடை, கூட்டுறவுத் திராட்சை ஆலை எல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போய்விட்டன. நான் மொன்பெல்யே நகரில் சமூகவியல் படிக்கிறேன். கிராமங்கள் ஏன் சாகின்றன என்று வாரம் முழுக்கப் படித்துவிட்டு, சனிக்கிழமை ஊருக்கு வந்து சரிபார்த்துக்கொள்வேன்.

அந்த வருஷம் திராட்சை அறுவடை முடிந்த கையோடு அத்தை சொல்லிவிட்டாள். அடுத்த கோடையும் இப்படியே போனால் கஃபேயை மூடிவிட்டு பெர்பிஞானில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாளாம். அழவில்லை. குவளையைத் துடைத்தபடி, நாளைக்கு மழை வரும்போல் இருக்கிறது என்கிற தொனியில் சொன்னாள்.

மேயர் நொர்பேர்தான் பதறிப்போனார். ஊராட்சி அலுவலகத்தில் கணப்பு வேலை செய்வதில்லை. எங்கள் ஊர் ஜனநாயகம் முழுவதும் அத்தையின் அடுப்போரத்தில்தான் நடந்துவந்தது. அடுத்த வாரமே ஒரு திட்டத்தோடு வந்தார். கார் தொல்லை இல்லாத சாலைகளாகப் பொறுக்கி, சைக்கிள்காரர்களுக்காக மாவட்ட நிர்வாகம் ஒரு வரைபடம் போடுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் ஊர் வழியாக மலைக் கணவாய்க்கு ஏறுகிற சாலை அதில் இடம்பிடித்துவிட்டால் போதும்.

"டச்சுக்காரன், ஜெர்மன்காரன், பெல்ஜியத்துக்காரன்னு கூட்டம் கூட்டமா வருவான் மகலி. பசியோட வருவான்."

"கழுதைச் சவாரிக்கு வருவாங்கன்னும் போன வருஷம் சொன்ன. கழுதைதான் வந்துச்சு."

"அதுவும் நிக்கல, போயிடுச்சு" என்றார் திராட்சைத் தோட்டக்கார ரெஜிஸ், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேயர் அசரவில்லை. சாலையின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் போடுவார்களாம். ஏறி இறங்குகிற வண்டிகளை ஒரு வாரம் அது எண்ணுமாம். குறைவாக இருந்தால் இடம் நிச்சயம்.

"நம்ம ரோட்ல ஏற்கெனவே குறைவுதானே?" என்றேன்.

"குறைவு போதாதுடா பஸ்தியான். சலேல்காரனும் அவன் ரோட்டுக்குக் கேட்டிருக்கான். அவனைவிடக் குறைவா இருக்கணும்."

பக்கத்து ஊரான சலேலின் பெயரைக் கேட்டதும் கோம்பெழாக் ஒன்றுபட்டது. சலேலைவிடச் செத்த ஊர் நாங்கள்தான் என்று நிரூபிக்க அத்தனை பேரும் வரிந்துகட்டினோம்.

குழாய் வந்த அன்றைக்கே ஊரின் கார்கள் எல்லாம் கொட்டகைக்குள் போய்விட்டன. ரொட்டி வேன்காரரிடம் சொல்லி அடிவாரத்திலேயே நிற்கவைத்தோம். தினமும் காலையில் மேயரே கைவண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய், ஊருக்கான நீள ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஏறி வருவார். அடுத்த தேர்தலுக்கு வேறு பிரச்சாரமே தேவைப்படாது. பல்வலியில் கன்னம் வீங்கிப்போன அர்லெத் அம்மாள்கூட, "ஊருக்காகப் பொறுத்துக்கறேன்" என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார் இல்லாததால் பள்ளத்தாக்கின் பெரிய கடைக்கு யாராலும் போக முடியவில்லை. எனவே எல்லோரும் கஃபேக்கு வந்தார்கள். மதியம் ஆம்லெட், சாயங்காலம் சோம்பு மணக்கும் பாஸ்டிஸ் மது, நடுவில் முடிவில்லாத சீட்டு. அத்தையிடம் முட்டை தீர்ந்துபோனது. பல வருஷங்களில் அவள் கண்ட சிறந்த வாரம் அதுதான். இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்திருக்கலாம். அப்போது எல்லோரும் சீட்டில் மும்முரமாக இருந்தோம்.

குளிர்காலத்தில் மாவட்ட நிர்வாகத்திலிருந்து மேயருக்குத் தொலைபேசி வந்தது. கஃபேக்குள் ஓடிவந்து நாற்காலியில் ஏறி நின்றார்.

"முதலிடம்! மாவட்டத்துலயே முதலிடம்! நம்ம ரோடு மாதிரி காலியான ரோடு எங்கேயுமே கிடையாதாம்!"

ஊர் கைதட்டியது. ரெஜிஸ் சலேல் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு சைகை செய்தார். அதை இங்கே எழுத முடியாது.

"அதனால வரைபடத்துல சேர்க்கறதோட நிறுத்தலையாம்" என்றார் மேயர், கொஞ்சம் சுருதி இறங்கி. "வசந்த காலத்துலேர்ந்து ரோட்டை முழுசா சைக்கிளுக்கே விட்டுடறாங்களாம். திராட்சைத் தோட்டத்து டிராக்டருக்கு மட்டும் அனுமதி."

"முழுசான்னா?" என்றாள் அத்தை.

"முழுசான்னா... முழுசாத்தான்."

"அப்ப நாம எந்த வழியா போறது?"

"சலேல் வழியா."

அத்தை துடைத்துக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

"போன் போட்டு உண்மையைச் சொல்லு நொர்பேர். ஏமாத்திட்டோம்னு சொல்லு."

"சொல்லிப் பார்த்தேன் மகலி. நிஜமா நிறைய வண்டி போகும் மேடம்னேன். 'மிஷின் பொய் சொல்லாதுங்களே ஐயா, அப்ப நீங்க பொய் சொல்றீங்களா'ன்னு கேட்டா அந்த மாவட்ட ஆபீஸ் அம்மா."

"நீ என்ன சொன்ன?"

"நான் மேயர். என்ன சொல்ல முடியும்? நன்றி சொன்னேன்."

வசந்தத்தில் அடிவாரத்தில் கார்களைத் தடுக்க ஒரு கம்பத்தை நட்டார்கள். அத்தை மனம் தளரவில்லை. சைக்கிள்காரன் வந்தால் போதும் என்றாள். திராட்சைக் கொடி படரவிடும் இரும்புக் கழிகளை வளைத்து, பற்றவைத்து, ரெஜிஸ் ஒரு சைக்கிள் தாங்கி செய்து கொடுத்தார். அத்தை அத்திப்பழக் கேக் சுட்டாள். காற்றடிக்கப் பம்ப் வாங்கி வாசலில் வைத்தாள்.

வந்தார்கள். மேயர் சொன்னது பொய்யில்லை. டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், பெல்ஜியத்துக்காரர்கள், வண்ண வண்ணமாக, இறுக்கமான உடுப்பில், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்த வேகத்தில் போனார்கள். எங்கள் ஊர் சரிவின் நட்டநடுவில் இருக்கிறது. மூச்சைக் கணக்குப் பண்ணி மிதித்து ஏறுகிறவன் நின்றால் மறுபடி ஏற முடியாது. அவ்வளவு பாடுபட்டுக் கணவாயைத் தொட்டுவிட்டு இறங்குகிறவன், அந்த இறக்கத்தை ஒரு துண்டு கேக்குக்காக வீணாக்க மாட்டான். பிரேக்கைத் தொடுவது அவனுக்குப் பாவம். நடுவழியில் பசித்தால் சட்டை முதுகிலிருக்கும் பையில் கைவிட்டு எதையோ உருவி, பல்லால் உறையைக் கிழித்துத் தின்றுகொண்டே போய்விடுவான்.

அத்தை வளைவில் ஒரு பலகை வைத்தாள்: காபி, கேக், காற்று. அவர்கள் இறங்கும் வேகத்தில் அதைப் படிக்க முடியவில்லை. பலகையை மூன்றாக அறுத்து, தள்ளித் தள்ளி நட்டாள். இப்போது படித்தார்கள். ஒருவன் கையை உயர்த்தி, "அருமை மேடம்!" என்று கத்திக்கொண்டே அடுத்த வளைவில் மறைந்தான்.

"ஒரு கயித்தைக் குறுக்கே கட்டிடலாமா?" என்றார் ரெஜிஸ்.

"வாயை மூடு. விழுந்து எழுந்தவன் காபியா கேப்பான்? போலீஸைக் கேப்பான்."

சைக்கிள் தாங்கியில் ரெஜிஸின் நாயைக் கட்டினோம்.

இதற்கிடையே பியர் லாரி வருவது நின்றது. சலேல் வழியின் கொண்டையூசி வளைவுகளில் லாரியைத் திருப்ப முடியாது. எங்கள் ஆட்களும் பெரிய கடைக்குப் போக சலேலைத் தாண்டியே ஆக வேண்டும். அங்கும் ஒரு கஃபே இருக்கிறது. முதலில் அர்லெத் அம்மாள், அப்புறம் தபால்காரர், கடைசியில் வாய்விட்டுச் சொல்லாமலே ஊரில் எல்லோரும் அங்கே நிற்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட்டில் மேயரைக்கூட அங்கே பார்த்ததாக ரெஜிஸ் சொன்னார்.

"நீங்க அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"சத்தியமா அவனைப் பார்க்கத்தான் போனேன்."

செப்டம்பரில் அத்தை மூடினாள். காபி இயந்திரத்தை வாங்கியவர் பள்ளத்தாக்கில் வேனோடு காத்திருந்தார். ரெஜிஸின் டிராக்டர் இழுவை வண்டியில் இயந்திரத்தையும் நாற்காலிகளையும் கயிறு போட்டுக் கட்டினோம். அத்தை இயந்திரத்தைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

நடை வேகத்தில் இறங்கினோம். பின்னால் இறங்கிவந்த சைக்கிள்கள் தேங்கிப்போய் மணியடித்தன. "வண்டி இல்லாத ரோடுன்னு சொன்னாங்களே" என்று ஒரு குரல் அலுத்துக்கொண்டது. ரெஜிஸ் ஒதுங்கி வழிவிட்டார்.

கீழிருந்து ஒரு வயதான தம்பதி ஏறி வந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் நான் பார்த்தவர்களிலேயே அவர்கள் மட்டும்தான் நின்றார்கள். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"மேலே கஃபே ஏதாச்சும் இருக்குங்களா?"

அத்தை கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லம்மா."

"கடை?"

"இல்ல."

"யாருமே இல்லையா?"

அத்தை யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"கொஞ்ச பேர் இருக்காங்க. பகல்ல சலேல் போயிடுவாங்க."

கணவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தியா, நான் சொல்லல? நிஜமாவே அமைதியான ரூட்டு" என்றார் மனைவியிடம். எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மிதித்து ஏறினார்கள்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "நாற்காலி சரியுது பாரு, பிடிடா" என்றாள். பிடித்துக்கொண்டேன்.