அச்சைப் பிடித்த கை

தங்கச்சி மகள் சீருக்கு அன்னூர் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வேலாமணி குன்னூர் திரும்பியபோது வீடு சுத்தமாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. அவள் புருஷன் லிங்கசாமி தேயிலை ஃபேக்டரி கிளார்க். குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் அடுப்பு மேடையைத் துடைத்து வைத்திருந்தால் எந்தப் பெண்சாதிக்குத்தான் சந்தேகம் வராது?

பையை இறக்கிய கையோடு அடுப்படியை ஒரு நோட்டம் விட்டாள். பரணில் துணி சுற்றிக் கிடக்க வேண்டிய, இட்லியை நூல் நூலாகப் பிழிகிற சந்தகை அச்சு கீழ்த் தட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஓட்டைகளில் ஒரு துணுக்கு மாவு இல்லை. ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்திருந்தது. விவரம் தெரிந்த பொம்பளை செய்கிற வேலை.

"ஏனுங்க, சந்தகை செஞ்சீங்களா?"

லிங்கசாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமா புள்ள. திங்கோணும் போல இருந்துச்சு."

"தனியாவா?"

"பின்னே? இங்க வேற ஆரு இருக்கறா?"

அங்கேதான் மாட்டினார். சந்தகை ஓராள் காரியம் இல்லை. ஆவி பறக்கிற இட்லியை அச்சுக்குள் போட்டு ஒருவர் கைப்பிடியைத் திருக வேண்டும், இன்னொருவர் அதன் மூன்று காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அச்சும் சேர்ந்து சுற்றும். கோயமுத்தூர்ப் பக்கமாவது நிதானமாகப் பிழியலாம். குன்னூர்க் குளிரில் இட்லி நிமிஷத்தில் இறுகிவிடும், அப்புறம் பீமனே வந்தாலும் கைப்பிடி அசையாது. மகள் கல்யாணமாகிப் போனபின் கால் பிடிக்க ஆளில்லாமல்தான் அந்த அச்சு இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்தது. லிங்கசாமிக்குச் சந்தகையைத் தின்னத் தெரியும், அவ்வளவுதான்.

ஆக, இன்னொரு கை வந்திருக்கிறது. யார் கை?

வேலாமணிக்குக் கீழ் வீட்டு தேவி மேல் கண் போனது. பொள்ளாச்சிக்காரி, சந்தகை அத்துப்படி. லிங்கசாமியைக் கண்டால் 'அண்ணா' என்று ஒரு இழுப்பு இழுப்பாள். துணி காயப்போடுகிற சாக்கில் வேலாமணி கீழே இறங்கினாள்.

"என்ன தேவி, சந்தகை நல்லா இருந்துச்சா?"

"எனக்கு எங்கீங்க்கா குடுத்தீங்க? வாசம் மட்டுந்தான் வந்துச்சு. அன்னைக்கு வெடியால நேரம் ஒரே பனி, ஆரு வந்தாங்கன்னு கூடத் தெரியல. ஆனா அண்ணன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! அவருக்குச் சிரிக்கக்கூட வருமான்னு இருந்துச்சுங்க்கா."

தேவி முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் வேலாமணிக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். புருஷன் சிரித்து அவள் கேட்டே ரொம்ப நாளாயிற்று. யாரோ ஒருத்தி வந்து, தன் அடுப்பில் நின்று, தன் புருஷனைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஐம்பது வயதுக்கு மேல் குடித்தனம் கைநழுவினால் எங்கே போய் நிற்பது? ஆனாலும் வேலாமணி அழவில்லை. அழுதால் விஷயம் வெளியே வராது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடியும் முன் எழுந்து புழுங்கல் அரிசியை ஊற வைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரி லீவு. ஒன்பது மணிக்கு மாவை வெண்ணெய் போல அரைத்து இட்லி ஊற்றினாள். ஆவி கிளம்பியதும் கூப்பிட்டாள்.

"வாங்க. அன்னைக்குப் புழிஞ்ச மாதிரியே இன்னைக்கும் தனியாப் புழிஞ்சு காட்டுங்க. நானும் கத்துக்கறேன்."

லிங்கசாமிக்கு முகம் வெளுத்தது. வேறு வழியில்லாமல் இட்லியை அச்சில் போட்டுத் திருகினார். அச்சு அவரோடு சேர்ந்து அரைவட்டம் சுற்றியது. மேடையிலிருந்து தரைக்கு இறக்கி, முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மறுபடி திருகினார். சுட்ட சூட்டில் "ஐயோ" என்று எழுந்துவிட்டார். வேலாமணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சிரிப்பு வரவேண்டிய காட்சிதான், அவளுக்கு வரவில்லை.

கடைசியில் நாலு நூல் தட்டில் விழுந்தது. அவள் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய் தாளித்து அதன்மேல் கொட்டினாள். எலுமிச்சம்பழத்தில் பாதியைப் பிழிந்துவிட்டு மீதியை ஓரமாக வைத்தாள்.

"முழுசும் புழி புள்ள," என்றார் லிங்கசாமி, வெந்த காலை ஊதியபடி. "நல்லாப் புளிச்சாத்தான் அவளுக்கு எறங்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"எவளுக்குங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம இந்துவுக்கு. அஞ்சு மாசமாம். வாயில எதுவும் நிக்கறதில்லையாம். சந்தகை கேட்டுப் போன் பண்ணுனா."

இந்து அவர்களின் ஒரே மகள். கூடலூர்க்காரப் பையன் லோயிஸைத் தானாகவே கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, என் உசிர் இருக்கிற மட்டும் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னவள் வேலாமணிதான். அன்றோடு இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுத்ததில்லை.

"பெத்தவ நான் இருக்கறேன். எனக்கு ஏன் பண்ணல?"

"உன்னைப் பத்தியும் கேட்டா புள்ள. நீ அன்னூர் போயிட்டயான்னு ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் பஸ் ஏறுனா."

வேறு ஒருத்தி என்றால் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வேலாமணிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வயிற்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

"எவ்வளவு தின்னா?"

"ரெண்டு தட்டு. நான் திருகுனேன், அவ அச்சுக் காலைப் புடிச்சா. திங்கத் திங்க ஒரே சிரிப்பு."

"இனி எப்ப வருவா?"

லிங்கசாமி தரையில் சிந்தியிருந்த மாவை விரலால் வழித்தார். வேலாமணி இல்லாத ஒரு நாளில்தான் இந்து வருவாள்.

வேலாமணி அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற சனிக்கெழமை நான் அன்னூர் போறேன்னு அவகிட்டச் சொல்லுங்க."

இப்போது சந்தேகப்படுவது லிங்கசாமியின் முறையாயிற்று. "நெசமாவே போறியா?"

"இல்லீங்க," என்றாள் வேலாமணி.