இடது பக்கத்துப் பிரேக்

எல்லப்பன் தன் பழைய காண்டெஸா காரை மறுபடி ஓடவைக்கப் போகிறார் என்று கேட்டதும் திருக்கழுக்குன்றத்தில் சிரிக்காத வாய் இல்லை. ஒரு காலத்தில் நீள மூக்கும் அகன்ற உடம்புமாகக் கல்யாண ஊர்வலங்களுக்கு முன்னால் உறுமிக்கொண்டு போன வண்டிதான். ஆனால் வருஷக்கணக்காக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. டெம்போ ஓட்டி நன்றாகச் சம்பாதிக்கிற மனுஷன், புதுக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பேசட்டும் என்று எல்லப்பன் விட்டுவிட்டார்.

அவருக்கு வேண்டியது கார் இல்லை. பக்கத்து சீட்டில் வசந்தா வேண்டும்.

அந்த வண்டியில்தான் புருஷனும் பெண்டாட்டியும் மாமல்லபுரத்துக்குப் போகும்போது, பூஞ்சேரிக்குப் பக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சவுக்குத் தோப்புக்குள் பாய்ந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு, அவளுக்குத் தோள் எலும்பில் விரிசல். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஓட்டும் எதிலும் வசந்தா ஏறுவதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? ஒரே கல்யாணத்துக்கு அவர் பைக்கிலும் அவள் பஸ்ஸிலுமாகப் போய், மண்டப வாசலில் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி சந்தித்துக்கொள்வார்கள். அந்த மனுஷனுக்கு ஏக்கமாக இருக்காதா? இருந்தது. பயம் பிடித்தது இந்த வண்டியில், தெளிய வேண்டியதும் இதிலேதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

செங்கல்பட்டு மெக்கானிக் பூபாலன் பழைய இன்ஜினை இறக்கிவிட்டுப் புதுக் காரின் இன்ஜின் ஒன்றை ஏற்றினான். பவர் ஸ்டியரிங் வைத்தான். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டான். மேலே பார்த்தால் அதே பழைய காண்டெஸா, உள்ளே எல்லாம் நேற்று வந்த சாமான்.

"அண்ணாத்த, இப்ப இது ராக்கெட்டு. வேற இன்னா வோணும்?"

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். "டிரைவிங் ஸ்கூல் வண்டில வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் கீதே, அது வோணும்."

"யாருக்கு ஓட்டக் கத்துக்குடுக்கப் போற?"

"வூட்ல கீறவளுக்கு. ஓட்டறதுக்கு இல்ல. நிறுத்தறதுக்கு."

சிரிக்கப் போன பூபாலன் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கூடுவாஞ்சேரியில் யாரோ கழித்துக்கட்டிய டிரைவிங் ஸ்கூல் வண்டியிலிருந்து பெடலைக் கழற்றிவந்து பொருத்திக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வாசலில் வந்து நின்றது. மாமல்லபுரத்திலிருக்கும் தங்கச்சி விஜயகுமாரி வீட்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த வசந்தா எட்டிப் பார்த்தாள்.

"பெயின்ட்டு நல்லாத்தான் கீது. நீ போ. நான் பஸ்ல வரேன்."

எல்லப்பன் இடது பக்கக் கதவைத் திறந்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"இது இன்னாது?"

"உன் பிரேக்கு. மிதிச்சா நிக்கும். எங்க வேணாலும் நிறுத்திக்கோ, ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"கேக்க மாட்டியா? நீயா?" என்றாள். கையால் பெடலை அமுக்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் அமுக்கினாள். அப்புறம் தங்கச்சிக்கு எடுத்துவைத்த முறுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தாள்.

அடேயப்பா, அது என்ன பயணம்! நாய் படுத்திருந்தது, மிதித்தாள். ஆட்டுக்குட்டி திரும்பிப் பார்த்தது, மிதித்தாள். எங்கோ தொலைவில் வந்த லாரிக்கும் மிதித்தாள். பின்னால் வந்த பஸ்காரன் தலையை நீட்டி, "வூட்ல சொல்லிகினு வந்தியாயா?" என்று கேட்டுவிட்டுப் போனான். முன்கோபத்துக்குப் பேர்போன எல்லப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமும் கியரை மாற்றிப் புறப்பட்டார். சொன்ன சொல் சொன்னதுதான்.

பூஞ்சேரிச் சவுக்குத் தோப்பு தெரிந்ததும் எல்லப்பன் வேகத்தைக் குறைத்தார். இங்கே இறங்கிவிட்டாளானால் இனி ஜன்மத்துக்கும் ஏறமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அதே வளைவு வந்தது. வசந்தா இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். வண்டி குலுங்கி, அந்த இடத்திலேயே நின்றது.

அவள் கதவைத் திறக்கவில்லை. தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் நான் மிதிச்சேன்" என்றாள். "காலுக்குக் கீழ வெறும் தகரந்தான் இருந்திச்சு. உன்னாண்ட சொன்னதில்ல."

"தெரியும்" என்றார் எல்லப்பன். "என் பிரேக்கு போனப்பகூட நான் பயப்படல. நீ வெறுந்தரைய மிதிச்சிகினு இருந்த பாரு, அதப் பார்த்ததும்தான் எனக்கு உசுரே போச்சு."

வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றினாள். வீட்டுக் கட்டிலில் உட்காருவதுபோல இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினாள்.

"வுடு, போலாம். அவ சோறாக்கி வெச்சிகினு காத்துகினு இருப்பா."

எல்லப்பன் கீழே பார்த்தார். இடது பக்கப் பெடலுக்கு முன்னால் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது. முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.